தண்ணீரில் நின்ற மின்சாரக் காரும் எங்கள் வீட்டுத் தறிக்குழியும்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் கடைசியில் உள்ள ஆறு குறிப்புகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். நேரம் இருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். ஏனென்றால் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்திய ஒருவன், ஓய்வு பெற்ற பிறகு ஒரே மாணவனுக்கு இரண்டு முறை தப்பான பதில் சொன்ன கதை இது. வகுப்பறையில் நீங்கள் தப்பு செய்தால் எழுந்து நின்று திருத்திச் சொல்லச் சொல்வேன். இன்று என் முறை.

2023 டிசம்பர் 5. மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்து ஒருநாள் ஆகியிருந்தது. 3ஆம் தேதி இரவும் 4ஆம் தேதி முழுக்கவும் கொட்டிய மழையை நீங்கள் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். காலை எட்டு மணிக்கு வேளச்சேரி பக்கத்திலிருந்து ஒரு போன். பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நிறுத்தாமல் கேள்வி கேட்பவன். இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

"சார், ஒரு டவுட். சிக்னல் எப்ப போகும்னு தெரியல, சீக்கிரம் சொல்லுங்க."

அவன் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடத்தில், தண்ணீர் சீட் அளவுக்கு ஏறியிருந்தது. அங்கே அவனுடைய மின்சாரக் கார், வாங்கி ஒன்பது மாதம்தான், பாதி மூழ்கி நின்றது. கேட்டுக்கு வெளியே படகு வந்திருக்கிறது. அவன் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வீட்டில் குடிக்கத் தண்ணீர் ஒரு கேனில் கால்வாசிதான். படகில் ஏற வேண்டுமென்றால் அந்தக் காரைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீரில் பத்தடி நடக்க வேண்டும்.

"அந்த பேட்டரில முந்நூறு நானூறு வோல்ட் இருக்கும் சார். தண்ணில இறங்கினா ஷாக் அடிக்குமா? குழந்தையைத் தூக்கிக்கினு போலாமா?"

நான் யோசிக்கவே இல்லை. "வேண்டாம்பா. இறங்கவே இறங்காதே. தண்ணியும் கரண்டும் சேர்ந்தா சாவுதான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

சார் சொல்லிவிட்டார் என்று அவன் இறங்கவில்லை. படகு போய்விட்டது. மறுபடி படகு வர மறுநாள் மதியம் ஆனது. அந்த ஓர் இரவு அவன் அம்மா சரியான சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் தலைசுற்றிப் படுத்திருந்தார். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவன் சொல்லவில்லை. அவன் மனைவி சொன்னாள்.

இது முதல் தவறு.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து இரண்டாவது போன். குரலில் நிம்மதி. "சார், நாலு நாள் நல்ல வெயில். கதவு, டிக்கி எல்லாம் திறந்து போட்டேன். சீட் கூட காஞ்சுடுச்சு. ஆன் பண்ணா எல்லா லைட்டும் வருது. இருபத்திரண்டு பெர்சன்ட் சார்ஜ் காட்டுது. இப்ப சார்ஜ் போடலாமா?"

"காஞ்சுடுச்சு இல்ல? அப்புறம் என்னா பயம், போடு" என்றேன்.

இது இரண்டாவது தவறு. முதல் தவறைவிட மோசமானது.

நல்லவேளை, அந்த வீட்டில் என்னைவிடப் புத்திசாலி ஒருத்தி இருந்தாள். அவன் மனைவி வண்டி நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டாள். "வண்டியை ஆன் செய்ததே தவறு. இனி தொடாதீர்கள். சார்ஜ் போடவே கூடாது. நாங்கள் வந்து ஏற்றிக்கொள்கிறோம்" என்றார்கள். பிறகு பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. இணைப்புகளில் வெள்ளையும் பச்சையுமாகப் படிவு. படத்தை அவன் எனக்கு அனுப்பினான். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

பயப்பட வேண்டாத இடத்தில் பயமுறுத்தினேன். பயப்பட வேண்டிய இடத்தில் தைரியம் சொன்னேன். ஏன் இப்படி ஆனது என்று யோசித்தபோது, அதற்குக் காரணம் பாடப்புத்தகத்தில் இல்லை, எங்கள் தெருவில் இருந்தது.

ஆரணிக்காரர்களுக்குக் குழித்தறியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன். நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து, மண்ணில் தோண்டிய குழிக்குள் இரண்டு காலையும் விட்டு மிதியை மிதிப்பார். பட்டுப் பாவு அவர் மடிக்கு முன்னால் நீண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் குழியில் நீர் ஊறும். கூரை ஒழுகாத வீட்டிலும் தரைக்கடியிலிருந்து ஊறி வரும். காலையில் பார்த்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். முகந்து முகந்து வெளியே ஊற்றுவோம். என் அப்பாவும் அப்படித்தான் ஊற்றினார். நான் ஆசிரியர் வேலைக்குப் போன பிறகும் விடுமுறை நாட்களில் அந்தக் குழியைத் துடைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு நெசவாளி. கல்யாண முகூர்த்தத்துக்கு ஒரு புடவை முடித்துக் கொடுக்க வேண்டும். குழியில் கணுக்கால் அளவு ஈரம் இருந்தும் உட்கார்ந்துவிட்டார். தறிக்கு மேலே தொங்கிய விளக்கு வயரில் தோல் உரிந்திருந்தது. விளக்கை இழுத்துக் கட்டக் கையை நீட்டியவர் அப்படியே சரிந்தார். அவர் மகன் அப்போது என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மின்னியல் பாடத்தின் முதல் நாளில், "தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் சாவு" என்று கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டுத்தான் ஓம் விதிக்கே போவேன். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

மின்சாரம் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே திரும்பிப் போகத்தான் பார்க்கும். திரும்பும் வழி இருந்தால்தான் ஓடும். இல்லையென்றால் எத்தனை வோல்ட் இருந்தாலும் ஓடாது. ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காய் சாகாததற்கும் இதுதான் காரணம்.

நம் வீட்டு மின்சாரம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது. அங்கே நியூட்ரல் கம்பியை மண்ணில் புதைத்திருக்கிறார்கள். ஆகவே வீட்டு ஃபேஸ் கம்பிக்குத் திரும்பும் வழி இரண்டு. ஒன்று நியூட்ரல் கம்பி. இன்னொன்று பூமி. நீங்கள் எந்த இடத்தில் மண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் அந்த இரண்டாவது வழியின் வாசலில் நிற்கிறீர்கள். குழித்தறியில் உட்கார்ந்தவர் வெறும் வாசலில் நிற்கவில்லை. ஈர மண்ணுக்குள் இரண்டு காலையும் இறக்கிவைத்து அமர்ந்திருந்தார். நனைந்த உடம்பின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 1,000 ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே இதயத்துக்கு ஆபத்து. கணக்கு முடிந்தது. அவர் கதையும் அப்படித்தான் முடிந்தது.

மின்சாரக் காரின் பேட்டரியில் 230க்கும் அதிகமான வோல்ட் இருக்கிறது. ஆனால் அதன் பிளஸ், மைனஸ் இரண்டு முனையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டில் எதையும் காரின் உடம்போடு இணைப்பதில்லை. பூமியோடும் இணைப்பதில்லை. அதற்குத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பொருட்டே இல்லை. பெட்டிக்குள் தண்ணீர் போனாலும், மின்சாரம் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு, சில அங்குல தூரத்தில், அந்தத் தண்ணீர் வழியாகவே குறுக்கே ஓடிவிடும். பத்தடி தள்ளி இடுப்பளவு நீரில் நிற்பவரைச் சுற்றிக்கொண்டு போக அதற்கு அவசியம் இல்லை.

அதோடு, வண்டி ஆஃபில் இருக்கும்போது பேட்டரியின் வாசலில் உள்ள சுவிட்சுகள் திறந்துகொள்ளும். பெட்டிக்கு வெளியே ஓடும் ஆரஞ்சு நிற கேபிள்களுக்கு அப்போது பேட்டரி மின்சாரம் வராது. வண்டி ஓடும்போதும் மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு கருவி கவனித்துக்கொண்டே இருக்கும். மின்சார வண்டிகளுக்கான ஐ.நா.வின் ஆர்100 விதியில், நேர்மின்னோட்டத்துக்கு ஒவ்வொரு வோல்ட்டுக்கும் குறைந்தது 100 ஓம் காப்பு இருக்க வேண்டும். நம் நாட்டின் ஏ.ஐ.எஸ். 038 தரநிலையும் அதை ஒட்டியதே. 400 வோல்ட்டுக்கு 40,000 ஓம். வகுத்துப் பாருங்கள், 10 மில்லி ஆம்பியர். விதியின் கடைசிப் படியில் நிற்கும் காரிலும் கசிவு அவ்வளவுதான்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். ஐரோப்பாவில் சில தீயணைப்புத் துறையினர், தீப்பிடித்த மின்சாரக் காரைத் தண்ணீர் நிரப்பிய பெரிய கன்டெய்னருக்குள் இறக்கிக் குளிர வைக்கிறார்கள். தண்ணீர் பட்டவுடன் சுற்றி நிற்பவரையெல்லாம் கொல்லும் வண்டியாக இருந்தால் அப்படிச் செய்வார்களா?

ஆக, அன்று அவன் கேட்டபோது நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்று. கார் சார்ஜரில் மாட்டியிருக்கிறதா? கட்டடத்துக்கு மின்சாரம் வருகிறதா? தண்ணீருக்குள் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ ஓடுகிறதா? மூன்றுக்கும் அவன் பதில் இல்லை என்பதுதான். முதல் நாளே அந்தப் பகுதி முழுக்க மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தியிருந்தது. "காரைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி, கையில் கம்போடு தரையைத் தட்டிப் பார்த்து நட. மூடியில்லாத சாக்கடைதான் இப்போது பெரிய ஆபத்து. அம்மாவை ஏற்றிவிடு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சார்ஜர் கேள்வியை ஏன் முதலில் வைத்தேன்? கார் தனியாக நிற்கும்வரைதான் அது தனி உலகம். சுவரில் மாட்டிவிட்டால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் பூமியும் கணக்கில் வந்துவிடும். அப்போது தண்ணீருக்குள் இருப்பது வீட்டு மின்சாரம். தறிக்குழியில் ஒருவரைக் கொன்ற அதே மின்சாரம்.

இப்போது இரண்டாவது தவறுக்கு வருகிறேன். தண்ணீரில் நின்றபோது ஷாக் அடிக்காத கார், காய்ந்த பிறகு ஏன் ஆபத்து?

பேட்டரிப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ஐ.பி. 67 என்று ஒரு தகுதி கொடுத்திருப்பார்கள். 6 என்றால் தூசி புகாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்குத் தண்ணீர் புகாது. ஆய்வுக்கூடத்தில் புதுப் பெட்டியை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்த கணக்கு அது. வேளச்சேரியில் அவன் கார் சாக்கடை கலந்த தண்ணீரில் நின்றது இரண்டு நாளுக்கும் மேல்.

உள்ளே புகுந்த நீர் என்ன செய்யும்? எட்டாம் வகுப்பிலேயே செய்து காட்டியிருக்கிறேன். தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு பேட்டரியோடு இணைத்தால் குமிழ் வரும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், ஒரு பக்கம் ஆக்சிஜன். கம்பி அரிக்கும். அதேதான் உள்ளேயும் நடக்கும், மூடிய பெட்டிக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல். வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும். அதில் கரைந்திருந்த உப்பும் அழுக்கும் ஆவியாகாது. இணைப்புகளுக்கு நடுவே பாலம்போல் படிந்துவிடும். அந்தப் பாலம் வழியே மின்சாரம் மெல்லக் கசியும், சூடு ஏறும். ஒரு செல் அளவு மீறிச் சூடானால் அது பக்கத்துச் செல்லைச் சூடாக்கும், அது அடுத்ததை. இப்படி நடக்க ஒரு மணி நேரமும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அந்த நேரத்தில் சார்ஜ் போடுவது என்பது உள்ளே புகைந்துகொண்டிருக்கும் அடுப்பை ஊதிவிடுவது மாதிரி.

உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். கடல்நீர் சாதாரண ஆற்றுநீரைவிட ஏறக்குறைய நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். 2022 செப்டம்பர் 28இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இயான் சூறாவளி கரையேறியபோது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, நாட்கள், வாரங்கள் கழித்துத் தீப்பிடித்தன. மூழ்கிய மின்சார வண்டியைக் கட்டடங்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 50 அடி தள்ளி நிறுத்தச் சொல்லி அங்கே அறிவுறுத்துகிறார்கள்.

அதற்காக எல்லாப் பழியையும் பெரிய பேட்டரி மேல் போடவும் கூடாது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது, நியூஜெர்சியில் நியூவார்க் துறைமுகத்தில் நின்ற 16 ஃபிஸ்கர் கர்மா கார்கள் கடல்நீரில் மூழ்கி எரிந்தன. எல்லோரும் லித்தியம் பேட்டரியைத்தான் சொன்னார்கள். ஆய்ந்த நிறுவனம், ஒரு காரில் சாதாரண 12 வோல்ட் பேட்டரியோடு இணைந்த கட்டுப்பாட்டுக் கருவிக்குள் உப்பு அரித்து ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்தான் தொடக்கம் என்றது. 12 வோல்ட் பேட்டரி பெட்ரோல் காரிலும் இருக்கிறது. ஆகவே மூழ்கிய வண்டி எதுவானாலும் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும்.

தீ என்றதும் நம் பக்கத்தில் நடந்த ஒன்றை மறக்க முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த புது மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதற்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வாசலை அடைத்தபடி வண்டி எரிந்தால் உள்ளே இருப்பவர் கதி என்ன என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த வருடம் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டு வந்தது. நம் ஆரணி வீடுகள் உங்களுக்குத் தெரியும். வாசல் ஒன்றுதான். ஸ்கூட்டர் நிற்பதும் அதே வாசல் நடையில்தான். பக்கத்து அறையில் பட்டு.

என் இரண்டாவது பதிலை அவன் கேட்டிருந்தால், தூண்களுக்கு மேலே ஐந்து மாடிக் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது கீழே அந்தக் கார் இரவெல்லாம் சார்ஜில் இருந்திருக்கும். அதற்கு மேல் நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

இங்கே கதை முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவும் மாட்டேன். அதற்கு அடுத்த வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டில் 7 பேர் புதைந்து இறந்த செய்தி நம் மாவட்டத்தையே உலுக்கியது. எங்கள் வீட்டுத் தறிக்குழியிலும் நீர் ஊறியிருந்தது. அப்பா போன பிறகு அந்தத் தறியை ஒரு நெசவாளி தம்பதி வாடகையில்லாமல் ஓட்டுகிறார்கள். பாவை மேலே தூக்கிக் கட்டிவிட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள்.

டிசம்பர் 13 கார்த்திகை தீபம். தீபம் பார்க்க வந்த அந்த மாணவன், குடும்பத்தோடு என் வீட்டுக்கும் வந்தான். அதே கார். பேட்டரியை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அவன் அம்மாவும் வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ, "வாத்தியார் சொன்னா நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க" என்றார். அந்த வார்த்தை என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கிளம்பும் முன் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு 16 ஆம்பியர் பிளக் கேட்டான். எங்கள் வீட்டில் அது இருப்பது தறி அறையில்தான். அவன் கையில் கேபிளோடு நிற்கிறான். குழியில் தண்ணீர் நிற்கிறது. மூன்றாவது முறையும் யோசிக்காமல் பேசக் கூடாது என்று எனக்குள் ஏதோ சொன்னது. "இருப்பா, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேப்போம்" என்றேன்.

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், எர்த்தே இல்ல. மூணாவது ஓட்டை சும்மா இருக்குது." கொல்லைப்புறத்தில் போய்ப் பார்த்தால், எர்த் குழாயில் கட்டியிருந்த கம்பி துருப்பிடித்து அறுந்து எத்தனை வருடமோ ஆகியிருந்தது. எர்த் கம்பி எதற்கு என்று எத்தனை வகுப்புகளுக்கு நான் படம் போட்டு விளக்கியிருப்பேன்! என் வீட்டில் அது இல்லை.

புது எர்த் போட்டார். மெயினில் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் தடுப்பு சுவிட்சைப் பொருத்தினார். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று முடிவு கட்டி, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஆன் செய்தார். உடனே விழுந்தது. மறுபடி ஆன் செய்தார். மறுபடி விழுந்தது.

ஒவ்வொரு லைனாகக் கழற்றித் தேடிப் பார்த்தார். தறிக்கு மேலே போகும் விளக்கு வயர். எலி கடித்து, ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்தப் பெண் தினமும் அதன் கீழேதான் குழியில் கால் இறக்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

நான் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். நாலு வீடு தள்ளி முப்பது வருடத்துக்கு முன் நடந்தது, என் வீட்டில் நடக்கத் தயாராகக் காத்துக்கொண்டிருந்தது. காருக்குள் இருக்கும் நானூறு வோல்ட்டைப் பற்றி ஊருக்கே பயம் சொன்னவன், என் சுவருக்குள் இருந்த 230 வோல்ட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிய ஆபத்து என்பதால் அது கண்ணில் படவில்லை.

அன்று சார்ஜ் போடவில்லை. இருந்த சார்ஜிலேயே மெதுவாகப் போய், வழியில் சார்ஜிங் நிலையத்தில் ஏற்றிக்கொண்டார்கள். தறி அறைக்குப் புது வயர் இழுத்த பிறகுதான் அந்தத் தம்பதியைத் தறியில் உட்காரவிட்டேன்.

நான் கற்றுக்கொண்டதை ஆறாகச் சுருக்கித் தருகிறேன். மின்சார ஸ்கூட்டருக்கும் இதுவே பொருந்தும்.

1. மழை எச்சரிக்கை வந்தவுடன் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, பட்டறிவு என்றால் அதுதான். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்தால், வருவதற்கு முன்பே மெயினை அணையுங்கள்.

2. பிளக் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டால் அந்தத் தண்ணீரில் இறங்கி மெயினைத் தேடிப் போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அங்கே சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

3. தண்ணீரில் நிற்கும் காரைத் தொடவோ திறக்கவோ தேவையில்லை. ஆரஞ்சு நிற கேபிளை எந்த நாளும் தொடாதீர்கள். ஆனால் உயிர் காக்கத் தள்ளி நடந்து போக வேண்டியிருந்தால், மின்சாரம் நின்றுவிட்டது, சார்ஜர் மாட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு போங்கள். கார் பயத்தில் படகை விட்டுவிடாதீர்கள்.

4. ஓட்டிக்கொண்டு போகும்போது தண்ணீரில் மாட்டிக்கொண்டால், பவர் விண்டோ வேலை செய்யும்போதே கண்ணாடியை இறக்கி வெளியே வந்துவிடுங்கள். பெட்ரோல் காரானாலும் இதேதான்.

5. மூழ்கிய வண்டி காய்ந்தாலும் ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள். நிறுவனத்துக்குச் சொல்லி ஏற்றி அனுப்புங்கள். சீறும் சத்தம், வெடிக்கும் சத்தம், புகை, வித்தியாசமான நெடி எது வந்தாலும் எல்லோரையும் விலக்கிவிட்டு 101க்குச் சொல்லுங்கள். நீங்களே அணைக்கப் போகாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. இது எல்லாவற்றுக்கும் மேல். உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். சுவிட்ச் கீழே விழுந்தால் நல்லது. விழவில்லை என்றால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

கரும்பலகையில் நான் எழுதிய அந்த வரியை உங்கள் மனதிலிருந்து அழிக்கச் சொல்லவில்லை. அதன் கீழே இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "மின்சாரம் எங்கே திரும்பிப் போகும் என்று முதலில் கேள்."

வேளச்சேரித் தம்பிக்கும் அவன் அம்மாவுக்கும் இந்தப் பதிவின் மூலமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலு வீடு தள்ளி இருந்த அந்த நெசவாளியின் மகனும் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். இதை எழுதும் முன் அவனிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க சார், யாராவது ஒருத்தர் வயர் மாத்தினா போதும்" என்றான்.

இன்று இரவே அந்த டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். விழுந்ததா, விழவில்லையா? வருகைப் பதிவேடு எடுப்பது மாதிரி ஒவ்வொருவர் பெயராகப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்,
ஆரணி.